பெயர் கொடுத்தவர் வரவே இல்லை: நியூ ஹேவனில் ஐந்து நாள்

முதல் நாள்

நியூயார்க் கிராண்ட் சென்ட்ரலில் ரயில் ஏறினால் இரண்டு மணி நேரத்தில் நியூ ஹேவன். வலது பக்கம் ஜன்னலோரம் இடம் கிடைத்தால் இடையிடையே கடல் தெரியும். எனக்குக் கிடைத்தது. அக்கா மகள் ஸ்டேஷனுக்கே வந்திருந்தாள். மூன்று வருடமாக அவளுக்கு இந்த ஊரில்தான் வேலை. "மாமா, ரெண்டு நாள் ரெஸ்ட் எடுங்க, அப்புறம் சுத்தலாம்" என்றாள். எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. பெட்டியை வீட்டில் போட்டுவிட்டு, ஒரு காபி குடித்துவிட்டுக் கிளம்பிவிட்டோம்.

ஏன் இந்த அவசரம் என்று சொல்லிவிடுகிறேன். நான் கடலூர்க்காரன். எங்கள் தேவனாம்பட்டினத்தில், கெடிலம் கடலில் கலக்கும் இடத்துக்குப் பக்கத்தில், செயின்ட் டேவிட் கோட்டை இருந்தது. இப்போது இடிந்த செங்கல் சுவர்தான் மிச்சம். 1690இல் அந்தக் கோட்டையை மராட்டியரிடமிருந்து கிழக்கிந்தியக் கம்பெனி விலைக்கு வாங்கியது. கோட்டையிலிருந்து பீரங்கியைச் சுட்டு, குண்டு போய் விழும் தூரம் வரை இருக்கும் ஊரெல்லாம் கம்பெனிக்கே என்று பேச்சு. 'குண்டு கிராமங்கள்' என்ற பெயர் அப்படி வந்தது. அந்தப் பேரம் நடந்தபோது சென்னை ஜார்ஜ் கோட்டையில் கவர்னராக இருந்தவர் எலிஹு யேல். எட்டாம் வகுப்பில் வரலாற்று வாத்தியார் இதைச் சொல்லிவிட்டு, "இந்த ஆளு பேர்லதான் அமெரிக்காவுல ஒரு காலேஜ் இருக்கு" என்றார். அந்தக் காலேஜ் இருக்கும் நியூ ஹேவனை ஒருநாள் பார்த்துவிட வேண்டும் என்று அன்றைக்கே மனதில் விழுந்துவிட்டது. நாற்பது வருடம் கழித்து இன்று வந்து சேர்ந்தேன்.

ஊரின் நடுவில் பெரிய புல்வெளி. 'கிரீன்' என்கிறார்கள். பதினாறு ஏக்கர். 1638இல் ஜான் டேவன்போர்ட் என்ற பாதிரியாரும் தியோஃபிலஸ் ஈட்டன் என்ற வியாபாரியும் ஐந்நூறு பேர் அளவில் ஒரு கூட்டத்தைக் கூட்டிக்கொண்டு இங்கே வந்து இறங்கினார்கள். இங்கிலாந்து திருச்சபையில் இருந்த சடங்குகளெல்லாம் வேண்டாம், வேதம் சொன்னபடி மட்டும் வாழ வேண்டும் என்ற பியூரிட்டன்கள். ஊரை ஒன்பது கட்டமாகப் பிரித்தார்கள். ஒரு தாளில் நீளவாக்கில் இரண்டு கோடு, குறுக்கே இரண்டு கோடு போட்டால் வரும் ஒன்பது கட்டம்தான். நடுக்கட்டம் எல்லோருக்கும் பொது. சந்தை, சபை, ஆடுமாடு மேய்ச்சல், இடுகாடு எல்லாம் அதில். இன்றைக்கும் வரைபடத்தில் அந்த ஒன்பது கட்டம் அப்படியே இருக்கிறது.

நிலம் யாருடையது? குவின்னிபியாக் மக்களுடையது. 1638 நவம்பரில் ஒப்பந்தம் எழுதினார்கள். மேல்சட்டை, கரண்டி, கோடரி, மண்வெட்டி, கத்தி, கிண்ணம் என்று சில டஜன் சாமான்கள் கைமாறின. குவின்னிபியாக்குகள் துறைமுகத்துக்குக் கிழக்கே ஒதுக்கிய நிலத்துக்குப் போனார்கள். ஏற்கெனவே தொற்றுநோயில் பெரும்பாலோர் மாண்டுபோய், பக்கத்து இனத்தாருக்குக் கப்பம் கட்டிக்கொண்டிருந்த சனம். அவர்களும் ஒரு பாதுகாப்பை எதிர்பார்த்துத்தான் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். இதைப் படித்தபோது குண்டு விழுந்த தூரம் வரை எழுதிக்கொடுத்த எங்கள் ஊர் நினைவு வந்தது.

கிரீனில் மூன்று தேவாலயங்கள் வரிசையாக நிற்கின்றன. நடுவில் இருப்பது சென்டர் சர்ச். 1812இல் அதைக் கட்டத் தொடங்கியபோது பழைய இடுகாட்டின் ஒரு பகுதி மேலேயே எழுப்பினார்கள். கல்லறைகளைப் பெயர்க்கவில்லை. தரைக்குக் கீழே, இருந்த இடத்திலேயே விட்டுவிட்டார்கள். படி இறங்கிப் போனால் தாழ்ந்த கூரைக்கு அடியில் 137 கற்கள். குனிந்துதான் நடக்க வேண்டும். பழையது 1687. மேலே இறக்கை முளைத்த முகம் செதுக்கிய கற்கள், மழையும் வெயிலும் படாமல் இருநூறு வருடம் இருந்ததால் உளிபட்ட கோடு கூட மழுங்கவில்லை. விரல் நகத்தால் தொட்டால் எழுத்தின் ஓரம் தட்டுப்படுகிறது. கல்லூரியைத் தொடங்கியவர்களில் ஒருவரான ஜேம்ஸ் பியர்பாண்ட் பாதிரியார் இங்கேதான் இருக்கிறார்.

வெளியே புல்லுக்கு அடியிலும் ஆயிரக்கணக்கானோர் இருக்கிறார்கள். 1821இல் கற்களை மட்டும் எடுத்துவிட்டு தரையைச் சமன் செய்துவிட்டார்கள். 2012இல் சாண்டி புயலில் ஒரு ஓக் மரம் வேரோடு சாய்ந்தபோது, வேரோடு எலும்புகளும் மேலே வந்தன. அந்த மரம் நின்ற பக்கம் போனபோது எனக்குக் கால் செருப்பைக் கழற்றத் தோன்றியது.

இரண்டாம் நாள்

இன்றைக்கு ஊருக்குள் இல்லை. கல்லூரி முதலில் நியூ ஹேவனிலேயே இல்லை என்பதால் கடலோர ரயிலில் கிழக்கே போனேன். பிரான்ஃபோர்ட், கில்ஃபோர்ட், மேடிசன், கிளின்டன், ஓல்டு சேப்ரூக். எல்லாம் அரைமணி, முக்கால்மணி தூரத்துச் சின்ன ஊர்கள். ஒவ்வொன்றிலும் ஒரு பச்சைத் திடல், ஒரு வெள்ளை தேவாலயம்.

டேவன்போர்ட்டுக்கே தன் ஊரில் ஒரு கல்லூரி வைக்க வேண்டும் என்று ஆசை இருந்தது. நடக்கவில்லை. 1660களில் நியூ ஹேவன் தனிக் குடியேற்றமாக இல்லாமல் பக்கத்துக் குடியேற்றமான கனெக்டிகட்டோடு சேர்க்கப்பட்டது. அவர் மனம் உடைந்து பாஸ்டன் போய்விட்டார். அப்புறம் பாதிரியார் ஆக வேண்டுமென்றால் பையன்கள் மாசசூசெட்ஸில் இருக்கும் ஹார்வர்டுக்குத்தான் போக வேண்டும். தூரமும் செலவும் ஒரு பக்கம். ஹார்வர்டில் பிடி தளர்ந்துவிட்டது, பழைய கட்டுப்பாடு இல்லை என்ற வருத்தம் இன்னொரு பக்கம். 1701 அக்டோபர் 9 அன்று கனெக்டிகட் சட்டசபை ஒரு கல்லூரிக்கு அனுமதி கொடுத்தது. சபைக்கும் அரசுக்கும் ஆள் தயார் செய்வதுதான் நோக்கம். பெயர்கூட வைக்கவில்லை. வெறும் 'காலேஜியேட் ஸ்கூல்'.

பிரான்ஃபோர்டில் ஒரு கதை சொல்கிறார்கள். பத்துப் பாதிரியார்கள் சாமுவேல் ரஸ்ஸல் என்பவர் வீட்டில் கூடி, ஆளுக்குச் சில புத்தகங்களை மேசைமேல் வைத்து, "இந்தக் குடியேற்றத்தில் கல்லூரி அமைக்க இவற்றைத் தருகிறேன்" என்றார்களாம். பணம் அல்ல, கட்டடம் அல்ல, நிலம் அல்ல. புத்தகம். சரித்திர ஆசிரியர்கள் இந்தக் கதையை முழுசாக நம்புவதில்லை. ஆனால் அடுத்து நடந்ததைப் பார்த்தால் இந்தக் கல்லூரியின் உயிர் புத்தகத்தில்தான் இருந்தது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

கில்ஃபோர்டில் இறங்கியது வேறு காரணத்துக்காக. அங்கே 1639இல் ஹென்றி விட்ஃபீல்டு என்ற பாதிரியாருக்காகக் கட்டிய கருங்கல் வீடு இன்னும் நிற்கிறது. நியூ இங்கிலாந்தில் இருக்கும் கல்வீடுகளில் இதுதான் பழையது. தடித்த சுவர், செங்குத்தான கூரை, அகலமான புகைபோக்கி. அவருடைய மகளைக் கட்டிய ஜான் ஹிக்கின்சன் இந்த ஊரிலேயே பாதிரியாராக இருந்தார். 1652இல் அவர்களுக்கு இங்கே பிறந்த பிள்ளை நத்தானியேல் ஹிக்கின்சன். ஹார்வர்டில் படித்தார். கப்பல் ஏறி, கம்பெனி வேலைக்குச் சென்னை வந்தார். 1688இல் சென்னை மாநகராட்சி தொடங்கியபோது முதல் மேயர் அவர்தான்! 1692இல் யேலைப் பதவியிலிருந்து இறக்கிவிட்டு கவர்னராக உட்கார வைத்ததும் அவரைத்தான். ரிப்பன் மாளிகையில் மேயர் பட்டியல் தொடங்கும் பெயர், இந்தக் கல்வீட்டுக்காரரின் பேரன் பெயர். வீட்டைச் சுற்றிக் காட்டிய அம்மாவிடம் இதைச் சொன்னேன். அவர் ஒரு நிமிடம் பேசவில்லை. "மதராஸா?" என்று திரும்பக் கேட்டு, ஒரு தாளில் குறித்துக்கொண்டார்.

கிளின்டனுக்கு அந்தக் காலத்தில் கில்லிங்வொர்த் என்று பெயர். முதல் ரெக்டர், அதாவது கல்லூரித் தலைவர், ஆபிரகாம் பியர்சன் அங்கே பாதிரியாராக இருந்தார். அதனால் கல்லூரியும் அவர் வீட்டிலேயே நடந்தது. 1707இல் அவர் இறந்ததும் பிள்ளைகள் சிதறினார்கள். சிலர் சேப்ரூக், சிலர் மில்ஃபோர்ட். பிறகு கொஞ்சப் பேர் வெதர்ஸ்ஃபீல்டு. பின்னாளில் அமெரிக்காவின் பெரிய இறையியலாளராக ஆன ஜோனதன் எட்வர்ட்ஸ், 1716இல் சேர்ந்தவர், வெதர்ஸ்ஃபீல்டில்தான் பாடம் கேட்டார். கல்லூரி எங்கே இருக்க வேண்டும் என்று ஊர்களுக்குள் பெரிய இழுபறி. 1716இல் நியூ ஹேவன் என்று முடிவானது. நியூ ஹேவன்காரர்கள் அதிகப் பணம் திரட்டிக் கொடுத்ததே காரணம். ஹார்ட்ஃபோர்ட்காரர்கள் ஒப்புக்கொள்ளவில்லை. சேப்ரூக்காரர்கள் அதைவிட மோசம்.

ஓல்டு சேப்ரூக்கில் பழைய கல்லறைத் தோட்டத்தின் ஓரமாக, கல்லூரி இருந்த இடம் என்று ஒரு பாறையில் எழுதி வைத்திருக்கிறார்கள். கடல் காற்று, நாணல், தூரத்தில் கனெக்டிகட் ஆறு. அமைதியான இடம். இங்கேதான் 1718 டிசம்பரில் புத்தகச் சண்டை நடந்தது.

லண்டனில் இருந்த ஜெரமையா டம்மர் என்ற குடியேற்றப் பிரதிநிதி, அங்குள்ள பெரிய மனிதர்களிடம் கேட்டுக் கேட்டு எண்ணூறு புத்தகங்களுக்கு மேல் சேர்த்து 1714 வாக்கில் அனுப்பியிருந்தார். ஐசக் நியூட்டன் தன் நூல்களைத் தானே கொடுத்திருந்தார். எட்மண்ட் ஹாலியும் கொடுத்தார். அத்தனையும் சேப்ரூக்கில் ஒரு வீட்டில் இருந்தன. கல்லூரி நியூ ஹேவனுக்குப் போனபின் புத்தகத்தைக் கேட்டால், வீட்டுக்காரர் கொடுக்க மாட்டேன் என்றுவிட்டார். கவர்னர் சால்டன்ஸ்டாலே நேரில் வந்தார். ஷெரிஃப் உத்தரவோடு போனால் வீட்டைச் சுற்றி ஆட்கள் மறித்து நிற்கிறார்கள். கதவை உடைத்து உள்ளே போய்ப் புத்தகங்களை வண்டியில் ஏற்றினார்கள். ராத்திரியில் ஊர்க்காரர்கள் வண்டிகளை உடைத்து, மாடுகளை அவிழ்த்து விரட்டிவிட்டார்கள். வேறு வண்டி பிடித்துக் கிளம்பினால் வழியில் பாலங்கள் பிரித்துப் போடப்பட்டிருந்தன. ஒரு வாரம் தட்டுத் தடுமாறி நியூ ஹேவன் சேர்ந்தபோது சுமார் 250 புத்தகங்களைக் காணோம். பழைய தாள்கள், பதிவேடுகளும் போயின.

கல்லூரி தங்கள் ஊரை விட்டுப் போகக் கூடாது என்று பாலத்தைப் பிரித்த அந்த மனிதர்களை எனக்குத் திட்ட மனம் வரவில்லை. எழுதப் படிக்கத் தெரிந்த குடியானவர்களுக்குப் புத்தகம் அவ்வளவு பெரிய சொத்தாக இருந்திருக்கிறது. கடைசி ரயிலுக்கு நேரமாகும் வரை அந்தப் பாறை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன்.

மூன்றாம் நாள்

இன்று கல்லூரி வளாகம். காலேஜ் தெருவும் சேப்பல் தெருவும் சந்திக்கும் முனையில்தான் நியூ ஹேவனில் எழுப்பிய முதல் கல்லூரிக் கட்டடம் நின்றது. மரக்கட்டடம். மூன்று மாடி, ஏறக்குறைய 170 அடி நீளம், ஆனால் அகலம் 22 அடிதான். ரயில் பெட்டி மாதிரி நீண்டு கிடந்திருக்கும். கட்டிக்கொண்டிருக்கும்போதே பணம் தீர்ந்துவிட்டது. அந்த நேரத்தில்தான் லண்டனிலிருந்து யேலின் மூட்டைகள் வந்தன. அதை ஐந்தாம் நாள் சொல்கிறேன், படத்தைப் பார்த்துவிட்டுச் சொன்னால்தான் சரியாக இருக்கும். 1718 செப்டம்பர் பட்டமளிப்பு விழாவில் 'யேல் காலேஜ்' என்று பெயர் சூட்டினார்கள்.

அந்த மரக்கட்டடம் இப்போது இல்லை. இருப்பதில் பழையது கனெக்டிகட் ஹால். 1750இல் தொடங்கி 1752இல் முடித்தது. சிவப்புச் செங்கல், வரிசையாகச் சின்னச் சின்ன ஜன்னல், இரண்டு மடிப்பாக இறங்கும் கூரை. சுற்றிலும் பின்னாளில் எழுந்த உயரமான கல் கோபுரங்களுக்கு நடுவில் பார்த்தால் ஒரு கிராமத்துப் பள்ளிக்கூடம் போல அடக்கமாக இருக்கிறது. சுவரில் கையை வைத்துப் பார்த்தேன். செங்கல்லைக் கட்டிய கைகளில் அடிமைகளின் கைகளும் உண்டு. கட்டடக் கணக்கிலேயே அவர்கள் எத்தனை நாள் வேலை செய்தார்கள் என்று எழுதியிருக்கிறது, கூலி உடையவனுக்கு. இன்று பல்கலைக்கழகமாகிவிட்ட யேலே ஆட்களை வைத்து இதையெல்லாம் ஆராய்ந்து, 2024 பிப்ரவரியில் முறைப்படி மன்னிப்புக் கேட்டது. எனக்குத் தெரிந்து எந்த ஊரிலும் கோட்டைக்கும் கோபுரத்துக்கும் கல் சுமந்தவன் பெயரை யாரும் தேடுவதில்லை. இவர்கள் கணக்கேட்டைப் புரட்டித் தேடியிருக்கிறார்கள். தாமதம்தான். ஆனாலும் தேடினார்களே!

கல்லூரி வளர்ந்த பணமும் அந்த வழியில்தான் வந்தது. 1721இல் ரெக்டருக்கு வீடு கட்ட, குடியேற்றத்துக்குள் வரும் ரம் மீது போட்ட வரியை ஒதுக்கினார்கள். ரம் என்றால் கரும்பு, கரும்பு என்றால் மேற்கிந்தியத் தீவுகளின் அடிமைத் தோட்டம். 1732இல் தத்துவஞானி ஜார்ஜ் பெர்க்லி ரோட் ஐலண்டில் இருந்த தன் பண்ணையை எழுதி வைத்தார். அந்தக் குத்தகைப் பணத்தில் பரிசும் உதவித்தொகையும் கொடுத்தார்கள். அந்தப் பண்ணையிலும் அடிமைகளை வைத்திருந்தார் அவர்.

மாணவர்கள் எப்படி இருந்தார்கள்? வீட்டின் அந்தஸ்தை வைத்துத்தான் வகுப்பில் வரிசை. கவர்னர் பிள்ளை முதலில், குடியானவர் பிள்ளை கடைசியில். 1760களின் பாதிவரை இப்படித்தான். பிறகுதான் அகர வரிசைக்கு மாறினார்கள். புதிதாகச் சேர்ந்தவனுக்கு எழுதி வைத்த விதி ஒன்று உண்டு. வெளியே கல்லூரித் தலைவர் தெரிந்தால் பத்து ராட் தூரத்திலேயே தொப்பியைக் கழற்ற வேண்டும். பேராசிரியர் என்றால் எட்டு ராட், உதவி ஆசிரியர் என்றால் ஐந்து. பத்து ராட் என்பது 165 அடி. எங்கள் தாத்தா தெருமுனையில் பண்ணையாரைக் கண்டதும் தோள் துண்டை எடுத்து இடுப்பில் கட்டியதை அம்மா சொல்லிக் கேட்டிருக்கிறேன். ஒரு வித்தியாசம், இங்கே பையன் ஒரு வருடம் கழித்தால் தொப்பியைப் போட்டுக்கொள்ளலாம். தாத்தாவுக்கு அந்த ஒரு வருடம் வரவே இல்லை.

கனெக்டிகட் ஹால் முன்னால் நாதன் ஹேல் சிலை. 1773இல் இங்கே பட்டம் வாங்கியவர். அமெரிக்க விடுதலைப் போரில் வேவு பார்க்கப் போய்ப் பிரிட்டிஷாரிடம் பிடிபட்டு, 1776 செப்டம்பரில் தூக்கிலிடப்பட்டார். வயது 21. சிலையில் கைகள் பின்னால் கட்டியிருக்கின்றன. கணுக்காலிலும் கயிறு. முகம் மட்டும் நிமிர்ந்திருக்கிறது. இவ்வளவு சின்னப் பையனா என்று அக்கா மகள் சொன்னாள்.

சாயங்காலம் பெய்னெக்கி நூலகம். ஜன்னலே கிடையாது. சுவர் முழுக்க மெல்லிய சலவைக்கல் பலகை. வெளியிலிருந்து பார்த்தால் வெள்ளைக் கல். உள்ளே போனால் வெயில் அதன் ஊடாக வந்து தேன் நிறத்தில் பரவுகிறது. நடுவில் கண்ணாடிக் கோபுரம், அடுக்கடுக்காகப் பழைய புத்தகங்கள். 1742இல் கல்லூரி நூலகத்தில் இருந்த புத்தகங்களில் தப்பியவற்றை ஒன்றாக வைத்துப் பாதுகாக்கிறார்கள். சேப்ரூக்கிலிருந்து மாட்டு வண்டியில் வந்தவையும் அதில் அடக்கம்.

அந்தப் புத்தகங்கள் செய்த ஒரு காரியத்தைச் சொல்லாமல் விட முடியாது. டம்மர் அனுப்பியவற்றில் இங்கிலாந்து திருச்சபைப் பாதிரியார்கள் எழுதிய நூல்களும் இருந்தன. ரெக்டர் டிமொதி கட்லரும், கல்லூரியோடு நெருக்கமாக இருந்த சில இளம் பாதிரியார்களும் அவற்றைப் படித்தார்கள். கூடிப் பேசினார்கள். 1722 செப்டம்பர் பட்டமளிப்பு விழாவில் கட்லர் ஜெபத்தை முடிக்கும்போது ஆங்கிலிக்கன் முறையில், அதாவது இங்கிலாந்து திருச்சபை முறையில், ஒரு வரியைச் சேர்த்தார். கூட்டம் திகைத்துவிட்டது. மறுநாள் நூலகத்தில் வைத்து விசாரித்தபோது, பியூரிட்டன் சபையில் தாங்கள் பெற்ற குருப்பட்டம் செல்லுமா என்றே சந்தேகம் வந்துவிட்டதாக எழுதிக் கொடுத்தார்கள். எந்தத் திருச்சபையை விட்டு ஓடி வந்து காடு திருத்தி ஊர் கட்டினார்களோ, அந்தத் திருச்சபைக்கே தங்கள் கல்லூரியின் தலைவர் திரும்பிப் போகிறார்! கட்லரை நீக்கினார்கள். இனி வரும் ரெக்டர் ஒவ்வொருவரும் கொள்கை அறிக்கையை ஏற்றுக்கொள்வதாகச் சொல்ல வேண்டும் என்று சட்டம் போட்டார்கள். ஆனால் புத்தகங்களை எரிக்கவில்லை. அலமாரியிலேயே விட்டார்கள். அந்தக் கண்ணாடிக் கோபுரத்தின் முன்னால் நின்றபோது எனக்கு அவர்கள்மேல் மரியாதை வந்தது இந்த ஒரு விஷயத்துக்காகத்தான்.

நான்காம் நாள்

மழை. மத்தியானம் வரை வீட்டிலேயே. அக்கா மகள் ரசம் வைத்து அப்பளம் பொரித்தாள். மழை விட்டதும் நகராட்சி மண்டபத்துக்கு எதிரே போனோம்.

கல்லூரியும் ஊரும் எப்போதும் ஒன்றாக நின்றதில்லை. ஒரே ஒரு நாள் நின்றன என்று சொல்லலாம். 1779 ஜூலை 5, பிரிட்டிஷ் படை கரையிறங்கியபோது மாணவர்களும் ஊர்க்காரர்களும் சேர்ந்து துப்பாக்கி தூக்கினார்கள். கல்லூரியின் முன்னாள் தலைவர் நாப்தலி டாகெட், ஐம்பது வயது தாண்டியவர், பறவை சுடும் துப்பாக்கியோடு தனியாகச் சுட்டுக்கொண்டிருந்து பிடிபட்டார். துப்பாக்கிக் கத்தியால் குத்தி நடத்திக் கூட்டிப்போனார்கள். அடுத்த வருடம் இறந்தார்.

ஆனால் இன்னொரு நாளும் இருக்கிறது. 1831 செப்டம்பரில், கறுப்பின இளைஞர்களுக்கென்று நியூ ஹேவனில் ஒரு கல்லூரி தொடங்க சிமியோன் ஜோஸ்லின் என்ற பாதிரியார் முயன்றார். ஊர்க்கூட்டம் கூடியது. சுமார் 700 பேர் எதிர்ப்பு, 4 பேர் ஆதரவு. நாட்டின் முதல் கறுப்பினக் கல்லூரி இங்கே வந்திருக்க வேண்டியது, அன்றோடு செத்தது. எதிர்த்துப் பேசியவர்களில் யேலின் சட்டப் பேராசிரியரும் உண்டு. தங்கள் ஊருக்குக் கல்லூரி வேண்டும் என்று பணம் திரட்டி இழுத்து வந்த அதே ஊர். இதைப் படித்த பிறகு எனக்குக் கொஞ்ச நேரம் யாரோடும் பேசப் பிடிக்கவில்லை.

நகராட்சி மண்டபத்தின் முன் ஒரு வெண்கல நினைவுச் சின்னம் நிற்கிறது. அந்த இடத்தில் முன்பு சிறை இருந்தது. 1839இல், அடிமைகளாக ஏற்றிச் சென்ற அமிஸ்டாட் கப்பலில் கலகம் செய்து தங்களை விடுவித்துக்கொண்ட ஆப்பிரிக்கர்களை இங்கேதான் அடைத்தார்கள். காசு கொடுத்து வேடிக்கை பார்க்க ஜனம் வந்தது. அவர்கள் பேசுவது யாருக்கும் புரியவில்லை. யேலில் எபிரேயம் கற்பித்த ஜோசையா கிப்ஸ் சிறைக்குப் போய், ஒரு விரல் காட்டினார், இரண்டு விரல் காட்டினார். அவர்கள் சொன்ன எண்களைக் காதால் கேட்டு மனப்பாடம் செய்தார். பிறகு நியூயார்க் துறைமுகத்துக்குப் போய், ஒன்றிலிருந்து பத்து வரை உரக்கச் சொல்லிக்கொண்டே கப்பல் கப்பலாக நடந்தார். ஜேம்ஸ் கோவி என்ற மாலுமிக்கு அது புரிந்தது. அது மெண்டே மொழி, அவனுக்குத் தெரிந்த மொழி. அவன் வந்துதான் அவர்கள் கதை நீதிமன்றத்தில் ஏறியது. 1841இல் உச்ச நீதிமன்றம் விடுதலை கொடுத்தது. அறிவு என்பது இதற்குத்தான் என்று எனக்குத் தோன்றும் ஒரு காட்சி, அந்தப் பேராசிரியர் கப்பல் துறையில் எண்ணிக்கொண்டு நடந்தது.

ஐந்தாம் நாள்

இன்று சேப்பல் தெருவில் இருக்கும் பிரிட்டிஷ் கலை மையம். அனுமதி இலவசம். நான் தேடி வந்த மனிதரை இங்கே ஒரு படத்தில் பார்த்தேன்.

எலிஹு யேல் 1649இல் பாஸ்டனில் பிறந்தவர். இந்த ஊரைத் தொடங்கிய தியோஃபிலஸ் ஈட்டன் அவருடைய பாட்டியின் இரண்டாவது கணவர். அந்தப் பாட்டி ஆன் ஈட்டன், குழந்தைகளுக்கு ஞானஸ்நானம் கொடுப்பது சரிதானா என்று சந்தேகம் கேட்டதற்காக, இதே ஊர்ச் சபை அவரை விலக்கி வைத்தது. எலிஹுவுக்கு மூன்று வயதிருக்கும்போது குடும்பம் இங்கிலாந்து போய்விட்டது. அதற்குப் பிறகு அவர் அமெரிக்கா திரும்பவே இல்லை. நியூ ஹேவனில் அவர் வாழ்ந்ததும் இல்லை, தன் பெயரில் ஓடும் கல்லூரியைப் பார்த்ததும் இல்லை.

அவர் வாழ்ந்தது நம் சென்னையில். 1672இல் எழுத்தராக வந்தார். 1680இல் கோட்டைக்குள் செயின்ட் மேரி தேவாலயம் திறந்த சில நாளிலேயே, அங்கே நடந்த முதல் கல்யாணம் அவருடையதுதான். மணமகள், ஜோசப் ஹின்மர்ஸ் என்ற கம்பெனி அதிகாரியின் விதவை. 1687இல் கவர்னர் ஆனார். வைரம், துணி என்று சொந்த வியாபாரத்தில் பெரும் பணம் சேர்த்தார். கம்பெனிப் பதவியை வைத்துக்கொண்டு சேர்த்தார் என்ற குற்றச்சாட்டில்தான் பதவி போனது. அவர் தலைமையில் நடந்த கூட்டத்தில், ஐரோப்பா போகும் ஒவ்வொரு கப்பலிலும் குறைந்தது பத்து அடிமைகளை ஏற்ற வேண்டும் என்று முடிவெடுத்தார்கள். அது நம் கரையில் பஞ்சம் தலைவிரித்தாடிய காலம். வயிற்றுக்கு இல்லாமல் விலைபோன சனங்கள் அவர்கள். மொகலாய அதிகாரிகள் எதிர்த்த பின் 1688இல் சென்னையில் அந்த வியாபாரத்தைத் தடை செய்தார்கள்.

1718 ஜனவரியில் பாஸ்டன் பாதிரியார் காட்டன் மாதர் அவருக்கு ஒரு கடிதம் எழுதினார். நியூ ஹேவனில் எழும் கட்டடம் உங்கள் பெயரைத் தாங்கினால், அது பிள்ளைகள் வழியாக நிலைக்கும் பெயரைவிட மேல், எகிப்தின் பிரமிடைவிட மேல் என்கிற தொனியில். இந்த வரியை நான் பலமுறை படித்திருக்கிறேன். யேலுக்கு அப்போது வயது 68. அவருடைய பிள்ளை டேவிட் சின்னக் குழந்தையாகச் சென்னையிலேயே இறந்துவிட்டான். ஹின்மர்ஸ் கல்லறையிலேயே அவனையும் புதைத்தார்கள். உயர் நீதிமன்றத்தை ஒட்டிய பழைய சட்டக் கல்லூரி வளாகத்தில் கூம்பாக உயர்ந்து நிற்கிறதே, அந்தக் கல்லறைதான். பெயர் சொல்ல ஆண்பிள்ளை இல்லாத கிழவனுக்கு அந்தக் கடிதம் எங்கே போய்த் தைத்திருக்கும் என்று எனக்குப் புரிகிறது.

யேல் அனுப்பியது 417 புத்தகங்கள், ஜார்ஜ் மன்னரின் ஒரு படம், ஒன்பது பொதி சரக்கு. சரக்கை பாஸ்டனில் விற்றார்கள். 562 பவுண்டு கிடைத்தது. அந்தப் பொதிகளில் காலிகோவும் மஸ்லினும் இருந்தன. காலிகோ என்ற பெயரே கோழிக்கோட்டிலிருந்து வந்தது, மஸ்லினுக்குப் பேர்போனது வங்காளம். எந்தத் தறியில் யார் நெய்தது என்று எந்த ஏட்டிலும் இல்லை. ஆனால் அந்த மரக்கட்டடத்தின் கூரை ஏறியதில் நம் பக்கத்து நெசவாளி ஒருவனின் கைக்கும் பங்கு உண்டு என்றே நான் நினைத்துக்கொள்கிறேன்.

படம் 1719ஐ ஒட்டி லண்டனில் வரைந்தது. நடுவில் யேல், பொய்முடி, பழுப்பு நிற மேல்கோட்டு. வேறு பெரிய மனிதர்களும் மேசையைச் சுற்றி உட்கார்ந்திருக்கிறார்கள். கண்ணாடிக் கோப்பைகள், புகையிலைக் குழாய். பின்னால் தோட்டத்தில் பிள்ளைகள் வாத்தியத்துக்கு ஆடுகிறார்கள். வலது ஓரத்தில் இன்னொரு பிள்ளை நிற்கிறான். கறுப்பினப் பையன். மது ஊற்றிக் கொடுக்க நிற்கிறான். சிவப்பும் சாம்பலுமாக நல்ல உடுப்பு. கழுத்தில் வெள்ளிப் பட்டை. கிட்டே போய்க் குனிந்து பார்த்தேன். பட்டையில் பூட்டு தொங்குகிறது. ஓவியன் அதன் மேல் ஒரு வெளிச்சப் புள்ளி வைத்திருக்கிறான், நகையில் வைப்பதுபோல.

2020இல் இந்தப் படத்தைக் கழற்றிவிட்டார்கள். இரண்டு வருடம் கழித்து மறுபடி மாட்டினார்கள். இடையில் அந்தப் பையன் யார் என்று ஆராய்ந்தார்கள். பத்து வயது இருக்கலாம் என்கிறார்கள்.

"இவன் பேர் என்ன மாமா?" என்றாள் அக்கா மகள். பக்கத்துப் பலகையைப் படித்தோம். யேலின் பெயர் இருந்தது, மற்றவர்கள் பெயர் இருந்தது. இவன் பெயர் கிடைக்கவில்லை. பின்னால் தோட்டத்தில் ஆடும் பிள்ளைகளுக்கும் இவனுக்கும் ஒரே வயதுதான் இருக்கும். கதவு சாத்தப் போகிறோம் என்று காவலர் வந்து சொல்லும் வரை அங்கேயே நின்றிருந்தோம்.